பிணைச்சலைப் பார்த்து வாங்குங்கள்: பழைய உருமாறும் ரோபோக்களைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு

வாகனமாகவோ விமானமாகவோ ஒலிநாடாப் பெட்டியாகவோ இருந்து, சில மடிப்புகளிலும் திருப்பங்களிலும் மனித உருவ ரோபோவாக மாறும் பொம்மைகளில், 1980ஆம் ஆண்டுக்கும் 1990ஆம் ஆண்டுக்கும் இடையில் வெளிவந்தவற்றைச் சேர்க்க விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதற்குள் புதிதாக வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தப் பொம்மைக்கு விலை அதிகம் என்பதையே. கேள்வியில் பிழை இல்லை. ஆனால் அதற்கு விடை தேடிக்கொண்டிருப்பவர் சிறிது காலத்தில் பொம்மையை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்க்கத் தொடங்கிவிடுகிறார். என் கருத்தில் இவற்றின் அருமை முழுவதும் பிணைச்சல்களில், அதாவது உறுப்புகளை மடக்கவும் திருப்பவும் விடும் மூட்டுகளில், இருக்கிறது. ஒரு காரின் முன்மூடி எப்படி மார்பாக வேண்டும், கதவுகள் எங்கே போய் ஒதுங்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் மேசையில் இருந்து போட்ட கணக்கு, இன்றும் ஒரு சிறிய உருக்கு ஊசியைச் சுற்றிப் பிசகாமல் சுழல்கிறது. ஆகவே தெரிவு செய்தல், வாங்குதல், சுத்தஞ்செய்தல், பேணுதல் என்னும் எல்லாப் படிகளிலும் பிணைச்சலை முன்னிறுத்தியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து வெயிலும் உப்புக் காற்றும் கிணற்று நீரும் இப்பொம்மைகளுக்குச் செய்யும் கெடுதியை வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதில்லை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்படி: எது எங்கிருந்து வந்தது என்று அறிதல்

டிரான்ஸ்போர்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1984இல் விற்கத் தொடங்கிய பொம்மைகள் அமெரிக்காவில் பிறந்தவை அல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் டயக்ளோன் என்னும் வரிசையைத் தொடங்கி, 1982இல் அதற்குள் உண்மையான கார்களின் வடிவுக்கு மாறும் ரோபோக்களைச் சேர்த்தது. அதே நிறுவனம் 1974 முதல் விற்றுவந்த மைக்ரோமேன் வரிசையிலிருந்து, வீட்டுப் பாவனைப் பொருள்களாக மாறும் மைக்ரோ சேஞ்ச் என்னும் கிளை 1983இல் வந்தது. ஹாஸ்புரோ இவ்விரு வரிசைகளின் வார்ப்பு அச்சுகளையும் பெற்று, நல்லவர் கூட்டம், தீயவர் கூட்டம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் கொடுத்தது. ஒப்டிமஸ் பிரைம் டயக்ளோனில் பற்றில் கொன்வோய் என்ற பெயருடன் இருந்த லொறி. ஒலிநாடாப் பெட்டியாக மாறும் சவுண்ட்வேவும், சிறு காராக மாறும் பம்பிள்பீயும், கைத்துப்பாக்கியாக மாறும் மெகட்ரோனும் மைக்ரோ சேஞ்சிலிருந்து வந்தவர்கள். ஜெட்ஃபயர் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான டகடொகுவின் விமானம்.

இந்தப் பூர்வீகத்தை அறிந்திருப்பது வெறும் தகவலுக்காக அன்று. டயக்ளோன் ரோபோக்கள் மனிதர் ஏறி ஓட்டும் இயந்திரங்களாகவே கற்பனை செய்யப்பட்டவை. பாதத்தில் காந்தம் பதித்த சிறுவிரல் அளவு ஓட்டுநர் உருவங்களும் கூடவே வந்தன. ஹாஸ்புரோ அந்த ஓட்டுநர்களை நீக்கிவிட்டு ரோபோக்களுக்கே உயிர் கொடுத்தது, இருக்கைகளை நீக்கவில்லை. ஒப்டிமஸ் பிரைமின் லொறி முகப்பைத் திறந்தால் யாரும் அமராத இருக்கைகள் இருப்பதன் காரணம் இதுதான். இதைவிட வேடிக்கையானது அயன்ஹைட். அது நிசான் வனெட். நம் தெருக்களில் வாடகைக்கும் கலியாண வீடுகளுக்கும் ஓடிய அதே வனெட்தான் என்பதால் இங்குள்ளவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடுவார்கள். அது ரோபோவாக மாறும்போது தலை என்று ஒன்று வெளியே வருவதில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னே ஓட்டுநர் இருக்கையில் ஒட்டிய முகப்படம் மட்டுமே தெரியும். புதியவர் இதைக் கண்டு தலை உடைந்துபோன பொம்மை என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. அதே அச்சில் வந்த ராச்செட்டும் இப்படித்தான். டிரெயில்பிரேக்கர் என்பது டொயோட்டா ஹைலக்ஸ். பிரௌல் என்பது நிசான் ஃபெயர்லேடி. ஜாஸ் என்பது போர்ஷ. உண்மையான வாகனத்தின் விகிதத்தைக் கெடுக்காமல் அதற்குள் ஓர் ஆளை மடித்து வைப்பதற்கு அந்தக் காலத்து ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையை இத்தகைய கார்களில்தான் நன்றாகப் பார்க்கலாம். அவர்களுள் ஒருவரான ஷோஜி கவமோரி உருமாறும் போர்விமானங்களை வடிவமைத்தும் பெரும்புகழ் பெற்றார்.

இவற்றுக்குச் சமகாலத்தில் பண்டாய் நிறுவனம் 1982இல் தொடங்கிய மெசின் ரோபோ வரிசையும் உண்டு. அது அமெரிக்காவில் டொன்கா நிறுவனத்தின் கோபொட்ஸ் ஆகவும், இங்கிலாந்தில் ரோபோ மெசின் ஆகவும் விற்கப்பட்டது. சேகரிப்பாளர்களிடையே அதற்கு மதிப்புக் குறைவு. எனக்கு அந்த மனநிலையில் உடன்பாடில்லை.

இரண்டாம் படி: எதில் தொடங்குவது

புதியவர் ஒப்டிமஸ் பிரைமில் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். அதற்கு இழுவைப் பெட்டி, மணிக்கட்டில் கழற்றிப் பொருத்தும் இரண்டு கைமுட்டிகள், துப்பாக்கி, ரோலர் என்னும் சிறு வாகனம், ஏவுகணைகள், எரிபொருள் குழாய் என்று தனித்தனி உறுப்புகள் பல. கைமுட்டிகள் சுண்டுவிரல் நுனியளவு மட்டுமே என்பதால் பெரும்பாலான பொம்மைகளில் அவை எப்போதோ தொலைந்துவிட்டன. முழுமையாக ஒன்றைச் சேர்த்து முடிப்பதற்குள் பணமும் பொறுமையும் கரைந்துவிடும்.

அதற்குப் பதிலாகக் கோபொட்ஸ் அல்லது டிரான்ஸ்போர்மர்ஸின் சிறு கார்கள் இரண்டு மூன்றை முதலில் வாங்குங்கள். கோபொட்ஸின் சிறிய வகைகளில் தனியே கழரும் உறுப்பு அநேகமாக இருக்காது. மாற்றமும் நாலைந்து அசைவுகளில் முடிந்துவிடும். இந்த எளிமையினால்தான் பிணைச்சலைப் படிப்பதற்கு அவை பொருத்தமானவை. அடுத்து டயக்ளோன் வழிவந்த கார் ஒன்று, அதன்பின் விமானம். ஸ்ரார்ஸ்கிறீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் ஆகிய மூன்றும் ஒரே அச்சில் வெவ்வேறு நிறத்தில் வந்த எஃப் 15 விமானங்கள் என்பதால், ஒன்றில் உடைந்ததை இன்னொன்றின் உறுப்பைக் கொண்டு திருத்திப் பழகலாம். ஆறு கட்டுமான வாகனங்கள் சேர்ந்து டெவஸ்டேற்றர் என்னும் ஒரே பூதமாகும் தொகுதி எவரையும் கவரும். அதற்கு இடையிணைப்பு உறுப்புகள் பல இருப்பதனால் அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

மெகட்ரோனைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. அது வோல்தர் பி 38 கைத்துப்பாக்கியின் உருவத்தை அப்படியே கொண்டது. அமெரிக்காவிலேயே இத்தகைய பொம்மைகளுக்கு நுனியில் செம்மஞ்சள் நிறம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப்பையில் அதைக் கொண்டுவரச் சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு. விமான நிலையத்தில் பொம்மை என்று விளக்கிக்கொண்டிருக்கும் வேலையை நம் ஆட்கள் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: தேடுதல்

முதலில் தேட வேண்டிய இடம் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டும் றங்குப் பெட்டியும்தான். எண்பதுகளில் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஜேர்மனிக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் இங்கிருந்த பிள்ளைகளுக்கு அனுப்பிய சாமான்களில் இவையும் இருந்தன. 1990க்குப் பின்னர் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. பற்றரியில் ஓடிய கார்களும் நாய்க்குட்டிகளும் அசையாமல் கிடந்த அந்த ஆண்டுகளில், விரலாலேயே இயங்கும் இந்த ரோபோக்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. சவுண்ட்வேவின் முதுகில் பற்றரி அறை போல ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே பற்றரி வடிவில் செய்த ஆயுதங்கள்தான் இருக்கும். தடைக்காலத்துக்கென்றே செய்தது போல.

இப்படி உள்ளூரில் கிடைப்பவற்றுக்குப் பெட்டியும் விளக்கத்தாளும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது கடதாசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் யார் இருக்கப்போகிறார்? பெட்டி இல்லாத பொம்மை என்பது எங்கள் நிலத்தில் இயல்பான நிலை. அதைக் குறையாக எண்ணி விலை பேசாதீர்கள். கேட்கும்போது பக்குவமாகக் கேட்க வேண்டும். "தம்பி, உந்த உடைஞ்ச சாமான் உனக்கு என்னத்துக்கு?" என்று மாமி கேட்டால், உண்மையைச் சொல்லி, அதற்கு வெளியே விலை உண்டு என்பதையும் சொல்லிவிட்டே வாங்குங்கள். பிறகு தெரியவந்து மனக்கசப்பு ஏற்படுவதைவிட அது நல்லது. போனவர்களின் பிள்ளைக்கால நினைவோடு சேர்ந்த பொருளாக இருந்தால் கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றில் மில்டன் பிராட்லி நிறுவனத்தின் பெயரோடு ஏதும் கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் டிரான்ஸ்போர்மர்ஸ் அந்தப் பெயரிலேயே முதலில் விற்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த சிறிய ரோபோக்கள் பண்டாயின் பெயரில் இருப்பது இயல்பு.

இணையத்தில் இக்மன் போன்ற உள்ளூர் விளம்பரத் தளங்களில் எப்போதாவது வரும். விற்பவருக்கு அதன் பெயர் தெரியாது என்பதால் பெயரைத் தட்டித் தேடிப் பயனில்லை. "பழைய பொம்மை", "ரோபோ" என்று தேடிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஈபேயிலும் ஜப்பானிய ஏலத் தளங்களிலும் தாராளமாகக் கிடைக்கும். ஜப்பானிய ஏலத்துக்கு இடைத்தரகு நிறுவனம் ஒன்று தேவைப்படும். அங்கே குறைபாடுள்ளவை என்று பல பொம்மைகளை ஒரே குவியலாக விற்பதுண்டு; பிணைச்சலைப் படிக்க விரும்புபவருக்கு அதைவிடச் சிறந்த பாடப்பொருள் இல்லை. தபாலில் எடுப்பிக்கும்போது விலைச்சீட்டைப் பொதிக்குள் வைக்கச் சொல்லுங்கள். சுங்கத்தில் பெறுமதி கேட்கும்போது அது உதவும். ஓகஸ்ற் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர் ஒருவர் இரண்டு பொம்மைகளைக் கையோடு கொண்டுவருவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி. திருவிழாக் கடைகளில் தொங்கும் ரோபோக்கள் புதியவை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்த்தல்

வாங்கும் முன்னர் பார்க்க வேண்டியவை ஓர் ஒழுங்கில் பார்க்கப்பட வேண்டும். முதலில் பொம்மையை எந்த வடிவில் தந்தார்களோ அந்த வடிவிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக ஒருமுறை அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ கழன்றிருக்கிறது. அடுத்து ஒவ்வொரு பிணைச்சலையும் மிகச் சிறிதளவு மட்டும் நகர்த்துங்கள். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள்; நீண்டகாலம் அசையாமல் கிடந்த ஊசி துருப்பிடித்துப் பிளாஸ்ரிக்கோடு ஒட்டியிருக்கும், திருகினால் உடைவது ஊசியைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் காதுதான். அந்தக் காதைத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி நுழையும் துளையிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போல ஒரு வெண்கோடு ஓடியிருந்தால், இன்று உடையாவிட்டாலும் அது உடையும்.

சில பொம்மைகளுக்குப் பலவீனமான இடம் எது என்று முன்கூட்டியே தெரியும். பந்தயக் காராக வரும் மிராஜின் இடுப்பு மெல்லியது. அரைப்பங்கு மிராஜ்கள் அங்கேதான் முறிந்திருக்கும் என்று சொல்லுமளவுக்கு அது பேர்போனது. பிரௌல் வகைக் கார்களில் கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள் வெடித்திருக்கும். வெள்ளை நிற ஜெட்ஃபயர் பழுத்து மஞ்சளாகியிருக்கும். தங்கத்துகள் கலந்தது போல மினுங்கும் பிளாஸ்ரிக்கில் எண்பதுகளின் இறுதியிலும் பின்னரும் வந்த பொம்மைகளை, எவ்வளவு வடிவாக இருந்தாலும், புதியவர் தொடக் கூடாது. அந்தப் பிளாஸ்ரிக் உள்ளிருந்தே நொறுங்கும் தன்மையது. பெட்டி திறக்கப்படாமலே இருந்த பொம்மைகள்கூட முதல்முறை மாற்றும்போது கையோடு துண்டுதுண்டாகியிருக்கின்றன.

உலோகப் பகுதிகளை நிறையால் அறியலாம். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நாகக் கலப்புலோக வார்ப்பு அதிகம். பிந்திய ஆண்டுகளில் செலவைக் குறைக்கப் பிளாஸ்ரிக் அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளங்கையில் வைத்தவுடன் ஒரு பக்கம் கனமாகச் சாய்வது நல்ல அறிகுறி. உலோகத்தின் மேல் வண்ணம் கொப்பளித்து, கீழே வெண்சாம்பல் போலப் பூத்திருந்தால் அரிப்புத் தொடங்கிவிட்டது. குருநகர், பாசையூர், காரைநகர்ப் பக்கங்களில் கடலைப் பார்த்த வீடுகளில் இருந்து வந்தவற்றில் இதைத் தவறாமல் பாருங்கள். குரோம் பூசிய பகுதிகளில் தேய்வு இருந்தால் வீட்டில் அதைத் திருத்த வழியில்லை. அதை ஏற்றுக்கொண்டு வாங்குவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது.

ஏவுகணை பாயவில்லை என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் கண்ணுக்கு ஆபத்து என்று ஹாஸ்புரோ தன் வெளியீடுகளில் ஸ்பிரிங்கின் விசையைக் குறைத்தே விற்றது.

ஐந்தாம் படி: முத்திரையைப் படித்தல்

பொம்மையின் அடியிலோ காலின் உட்பக்கத்திலோ நிறுவனப் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1980, 1983 என்ற எண்களைக் கண்டவுடன் பொம்மையின் வயது தெரிந்துவிட்டது என்று புதியவர் நினைப்பார். அந்த ஆண்டுகள் வடிவமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டுகள். தயாரித்த ஆண்டுகள் அல்ல. 2000க்குப் பின்னர் டகாராவும் ஹாஸ்புரோவும் பழைய அச்சுகளைக் கொண்டே மறுவெளியீடுகள் செய்தன. அவற்றிலும் பழைய ஆண்டுகளைக் காணலாம். போலி செய்பவர்களோ பொறிப்பையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள்.

ஆகவே வேறு சான்றுகள் வேண்டும். 1985 முதல் ஹாஸ்புரோ வெளியீடுகளில் வெப்பத்துக்கு நிறம் மாறும் சிறிய சதுர ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டப்பட்டது. விரலால் தேய்த்தால் எந்தக் கூட்டத்தவர் என்ற சின்னம் தெரியும். போலிகளிலிருந்து பிரித்தறிவதற்காகவே அது கொண்டுவரப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் தேய்க்காமலே சின்னம் தெரிந்தாலும் வியப்பில்லை. 1984இன் பொம்மைகளில் அது இருக்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அமெரிக்காவில் 2002இல் வந்த ஒப்டிமஸ் பிரைம் மறுவெளியீட்டில் பாதுகாப்புக் கருதிப் புகைக்குழாய்கள் கட்டையாக்கப்பட்டிருந்தன. பழைய லொறியில் அவை நெடியவை. பொம்மையிலிருந்தே அச்செடுத்து வார்த்த போலி, மூலத்தைவிட ஒரு மயிரளவு சிறிதாகவும், பொறிப்பின் ஓரங்கள் மழுங்கியும் இருக்கும். ஸ்ரிக்கரின் கோடுகள் மங்கி இரட்டையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் உண்மையான ஒன்றின் கையையோ சில்லையோ அதில் பொருத்திப் பாருங்கள்.

எண்பதுகளிலேயே தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் செய்யப்பட்டு மலிவாக விற்கப்பட்ட போலிகளும் உண்டு. அவற்றை ஏமாற்றுப் பொருள் என்று தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு கடந்த போலிக்கு இப்போது அதற்கென்றே ஒரு வரலாறு இருக்கிறது. உண்மையான பொருளின் விலை கொடுக்காத வரையில் அவற்றை வாங்கி வைப்பதில் நட்டமில்லை.

பெட்டியோடு கிடைத்துவிட்டால் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பலம், வேகம், அறிவு என்று அளவிட்ட ஒரு வரைபடம் சிவப்புக் கோலங்களுக்குள் மறைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்கக் கொடுத்த சிவப்புத் தகடு தொலைந்திருந்தால், இனிப்பு சுற்றிய சிவப்புக் கண்ணாடித் தாளும் அந்த வேலையைச் செய்யும். பெட்டியில் ஒரு மூலை சதுரமாக வெட்டப்பட்டிருப்பது எலி கடித்ததனால் அன்று. அஞ்சலில் அனுப்பிப் பரிசுப் பொம்மை எடுப்பதற்கான புள்ளிகளைப் பிள்ளைகள் வெட்டியெடுத்தார்கள்.

ஆறாம் படி: கழுவுதல்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம், பிணைச்சலுக்குள்ளும் ஊசியைச் சுற்றியும் படிந்து இறுகும். கறுப்பு நிறப் பிளாஸ்ரிக்கில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மழை நீரையோ, கராச்சில் பற்றரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாமல் போத்தலின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வரும் செம்மண் தூசி நெருநெருவென்று இருக்கும். ஈரத்தோடு தேய்த்தால் அதுவே வண்ணத்தைச் சுரண்டும். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, ஸ்ரிக்கர்களைத் தவிர்த்துத் துடையுங்கள். பொம்மையை நீரில் அமிழ்த்த வேண்டாம். உள்ளே போன நீர் வெளியே வராது. உருக்கு ஊசி துருப்பிடிக்க அது போதும். காற்றாடியின் கீழ் ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் காயவிடுவதை நினைக்கவே வேண்டாம். தின்னர், ஸ்பிரிட் ஆகியவை குரோமையும் வண்ணத்தையும் எடுத்துவிடும். மஞ்சளான வெள்ளைப் பிளாஸ்ரிக்கை ஐதரசன் பரவொட்சைட்டில் ஊறவைத்து வெளுக்கச் செய்யும் முறை வெளிநாடுகளில் பரவலாக இருக்கிறது. அது சில மாதங்களில் திரும்பவும் மஞ்சளாகலாம், திட்டுத்திட்டாக வெளுக்கலாம், பிளாஸ்ரிக் பலவீனப்படலாம். மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடுவதே என் வழக்கம்.

இறுகிய பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விடுவது இங்குள்ள பெரிய தவறு. சில மாதங்களில் அது பசையாகித் தூசியைப் பிடிக்கும், எறும்பும் வரும். சிலிக்கன் மசகு சிறிதளவு ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். மாறாகத் தளர்ந்துபோன குமிழ் மூட்டுக்கு நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் பொருத்தினால் பிடிப்பு வரும். காயுமுன் பொருத்தினால் ஒட்டிக்கொண்டுவிடும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால் திருப்புளியின் முனை திருகாணியின் தலையில் ஆடாமல் அமர வேண்டும். ஜப்பானியத் திருகாணிகளின் பிளவு சாதாரணப் பிலிப்ஸ் முனைக்குச் சற்று வேறுபட்டது. பொருந்தாத முனை தலையைச் சிதைத்துவிடும். திரும்பப் பூட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் டிக் என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முறுக்கினால் பழைய புரியிலேயே போகும், புதிய புரி வெட்டாது. கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், குறிப்பாக ஸ்பிரிங் இருக்கும் இடத்தை.

ஏழாம் படி: மாற்றிப் பார்த்தல்

விளக்கத்தாள்களின் பிரதிகள் இணையத்தில் கிடைக்கும். அதைப் பக்கத்தில் வைக்காமல் புதிய பொம்மை எதையும் மாற்றாதீர்கள். கீழே துவாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பாய்ந்து விழும் கைமுட்டி சீமெந்து நிலத்தில் எங்கே உருளும் என்று சொல்ல முடியாது. உறுப்பின் நுனியைப் பிடித்து இழுக்காமல், பிணைச்சலுக்கு மிக அருகில் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒப்டிமஸ் பிரைமை எடுத்துக்கொண்டால், லொறியின் முன்கண்ணாடி அப்படியே மார்பாக நிற்க, பின்சட்டகம் நிமிர்ந்து கால்களாகிறது. கையின் நுனியில் முட்டி இல்லாத ஒரு பொழுதும் இந்த மாற்றத்தில் உண்டு. அப்போது அந்த வெற்று மணிக்கட்டையும், தனியே செருகும் முட்டியின் முளையையும் பாருங்கள். முளை தேய்ந்திருந்தால் முட்டி தானாகவே விழும். இவ்வளவு முட்டிகள் தொலைந்துபோனதற்குக் காரணம் அந்த முளைதான்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு பொம்மையையும் முழுமையாக ஒருதரம் மாற்றி மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது. அசையாத பிணைச்சல் இறுகும், அதிகம் அசைந்தது தளரும். வருபவர் போவோர் எல்லோருக்கும் மாற்றிக் காட்டிக்கொண்டிருப்பதும் கூடாது.

எட்டாம் படி: வைத்திருத்தல்

கண்ணாடி அலுமாரி நல்லது. யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். ஒளியும் வெப்பமும் சேர்ந்தே வெள்ளையை மஞ்சளாக்குகின்றன. ஓட்டு வீட்டில் மேல்தட்டைவிடக் கீழ்த்தட்டுக் குளிர்ச்சியானது. மாரியில், வாடைக் காற்றோடு ஈரம் ஏறும் மாதங்களில், புதிய சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். மழை விட்ட நாளில் அவற்றை மட்டும் எடுத்து வெயிலில் காயப் போடலாம்.

துணி அலுமாரிக்குள் பொம்மைகளை வைப்பவர்கள் பூச்சி உருண்டைகளை எடுத்துவிட வேண்டும். அவற்றிலிருந்து எழும் ஆவி சில வகைப் பிளாஸ்ரிக்கை இளக்கி மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். இறப்பர் வளையத்தால் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டுவதும் அப்படியே. எங்கள் வெயிலில் அது ஒரு வருடத்துக்குள் உருகிப் பிளாஸ்ரிக்கில் தழும்பு போலப் பதிந்துவிடும். பொம்மையின் சொந்த ரயர்களே தட்டின் பூச்சோடு ஒட்டிக்கொள்வதுண்டு. சில்லுகளுக்குக் கீழே கேக் அடிக்கப் பயன்படுத்தும் எண்ணெய்த்தாளில் ஒரு துண்டை வெட்டி வையுங்கள். பெட்டிகளும் விளக்கத்தாள்களும் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரை என்பதால் சுவரை ஒட்டியோ நிலத்திலோ வைக்கக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியே அவற்றுக்கு இடம்.

ஒவ்வொரு பொம்மைக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடமிருந்து, எந்த நாட்டிலிருந்து வந்தது, முத்திரையில் என்ன இருக்கிறது, எந்த உறுப்பு இல்லை, எந்தப் பிணைச்சலில் வெண்கோடு இருக்கிறது என்பவற்றை எழுதினால் போதும். விலையை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. கழன்ற சிறு உறுப்புகளை வெற்று மாத்திரைப் போத்தல்களில் போட்டு, பொம்மையின் பெயரை ஒட்டி வையுங்கள்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு கோபொட் வைத்திருங்கள், உலோகம் கூடியதாகவும் உறுப்புக் கழராததாகவும் பார்த்து. எல்லாவற்றையும் பூட்டி வைத்துத் தொடாதே என்று சொன்னால் பூட்டியதைத்தான் கேட்பார்கள். மிஞ்சிக் கிடக்கும் ஏவுகணையையும் ஒற்றைக் கைமுட்டியையும் விற்காமல் வேறு சேகரிப்பாளரோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களிடம் இடக்கை மட்டும் இருக்க, கொழும்பில் ஒருவரிடம் வலக்கை மட்டும் இருக்கும். அனுப்பும்போது பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, அந்தத் தீப்பெட்டியை இன்னொரு கெட்டியான பெட்டிக்குள் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.